பிஞ்சு மூளைக்கு நஞ்சு. பணம் ஒதுக்குவது யார்?

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இந்நாட்டில் இல்லை. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்த நாள் தொட்டு, அத்துறைமுகத்தின் ஆழத்தை அளப்போரும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை எண்ணுவோரும் பலர். அக்கரையில் வளரும் குழந்தைகளின் இரத்தத்தில் எவ்வளவு ஈயம் கலந்திருக்கின்றது என்று அளக்க முன்வந்தோர் யார்? இதுவே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

ஈயம் ஓசையின்றிக் கொல்லும் நஞ்சு. வயிற்றுக்குட் சென்ற ஈயத்தில் பத்தில் ஒரு பங்கையே வளர்ந்தவர் உடல் ஏற்கின்றது. குழந்தையின் உடலோ பாதியளவு வரை உறிஞ்சிக் கொள்கின்றது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த பிள்ளையின் உடல் இன்னும் கூடுதலாக ஏற்கும். ஆகவே ஏழையின் பிள்ளைக்கே முதல் அடி விழுகின்றது. காய்ச்சலும் இல்லை, புண்ணும் இல்லை; பாடம் மட்டும் மனத்திற் பதிவதில்லை. ஆசிரியர் சோம்பல் என்கின்றார். பெற்றோர் தலைவிதி என்கின்றனர். மூளை இழந்ததை மீட்டுத் தரும் மருந்து எதுவுமில்லை. அதனால்தான் வருமுன் காப்பதொன்றே வழி என்கின்றோம்.

பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் காணப்பட்டாலே, அது வந்த வழியைத் தேடி அடைக்க வேண்டுமென அந்நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையான பிள்ளைகளிடம் நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்விலோ சராசரி அளவே 10ஐத் தாண்டி நின்றது.

திருகோணமலையில் ஈயம் ஏது என்று கேட்போர் கரையோரம் சென்று பார்க்கட்டும். வலைக்குக் குண்டு வார்க்க முற்றத்து அடுப்பில் ஈயம் உருக்கினால், அதன் புகையும் தூசியும் முற்றத்தில் தவழும் பிள்ளையையே சேரும். கப்பலும் இரும்புத் தாங்கியும் துருப்பிடியாதிருக்க, ஈயத்தாலான செந்நிற அடிப்பூச்சுப் பூசுவது சென்ற நூற்றாண்டில் உலக வழக்கு. பழைய பூச்சைச் சுரண்டும் தொழிலாளி அத்தூசியைத் தன் உடுப்பிலேயே வீட்டுக்குக் கொண்டு செல்கின்றான். தம்பலகாமத்து உழவு இயந்திரத்துக்கும் மூதூர் முச்சக்கர வண்டிக்கும் பற்றரி உண்டு. ஆயுள் முடிந்த பற்றரியைக் கொல்லையில் உடைத்து உருக்கினால், அந்த மண் தலைமுறைக்கும் நஞ்சாகிவிடும். செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் அருகே அவ்வாறு பற்றரி உடைத்த இடத்தில் 2007, 2008ஆம் ஆண்டுகளில் 18 குழந்தைகள் மாண்டனர்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2011இல் வர்த்தமானி மூலம் வர்ணப் பூச்சுகளுக்கு எல்லை விதிக்கப்பட்டு, அது 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அவ்விதி விளையாட்டுப் பொருட்களின் வர்ணத்துக்குப் பத்து இலட்சத்தில் 90 பங்கென எல்லையிட்டு, கதவுக்கும் கட்டிலுக்கும் பூசும் எனமல் வர்ணத்துக்கு 600 பங்கு வரை இடங்கொடுத்தது. பிள்ளையின் கை எந்த வர்ணம் எதுவென்று பார்த்தா தொடுகின்றது? மேலும், சட்டத்துக்கு முன் பூசிய சுவரையும் முன்பே நஞ்சேறிய மண்ணையும் வர்த்தமானி துப்புரவு செய்துவிடாது. அதற்குப் பணம் வேண்டும்.

பணமெங்கே என்பர். 2022இல் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்த நாடு என்பதை நாமும் அறிவோம். ஆயினும் மலேரியா கற்பித்த பாடத்தை மறக்கலாகாது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வென்றோமெனக் கை தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் ஆண்டாண்டாகச் செலவிட்டு உழைத்த பின்னரே, 2016இல் மலேரியா அற்ற நாடென்ற சான்று கிடைத்தது. தடுப்புக்குச் செலவிட மறுப்பவன் நோய்க்குப் பன்மடங்கு செலவிடுவான்.

பிறநாட்டார் தருவர் என்றிருப்பதும் பேதைமை. ஈய ஒழிப்புக்கென 2024 செப்டெம்பரில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் யுனிசெப்பும் முன்னின்று, 15 கோடி டொலர் வாக்குறுதியுடன் உலகக் கூட்டணியொன்றைத் தொடங்கின. அடுத்த ஆண்டு ஜூலையில் அவ்வுதவி நிறுவனமே மூடப்பட்டது. மாறாக வங்காளதேசத்தைப் பாருங்கள். மஞ்சளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேற்றுக் கலந்த கொடுமையை எதிர்த்து, 2019இல் சந்தைகளைச் சோதித்துத் தண்டம் விதித்தார்கள், மக்களிடமும் எடுத்துரைத்தார்கள். அவ்வாண்டில் 47 சதவீத மாதிரிகளில் இருந்த நஞ்சு 2021இல் இல்லாதொழிந்தது. பெருஞ்செல்வம் அன்று, உறுதியே அதைச் சாதித்தது.

எமக்கும் ஆள்பலம் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகின்றார். கிளினிக்கில் பிள்ளையின் நிறை நிறுக்கப்படுகின்றது. அங்கேயே ஒரு வயதிலும் இரு வயதிலும் இரத்தத்தில் ஈயத்தை அளக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் துறைமுகக் கரையின் மண்ணையும் பற்றரி உடைக்கும் இடங்களையும் சோதிக்கட்டும். பழைய பற்றரியை நல்ல விலைக்கு மீள வாங்கும் பொறுப்பை விற்பவர் மீதே சுமத்தட்டும். எல்லா வர்ணங்களுக்கும் 90 என்ற ஒரே எல்லை வேண்டும். தகரத்தின் மீதுள்ள எச்சரிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். இவற்றுக்கெனத் தனித் தலைப்பில் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்பட வேண்டும்.

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் சுகாதாரத்தை மாகாணத்துக்குப் பகிர்ந்தளித்தது. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017இல் முடிந்த பின், ஆண்டுக்கணக்காக மக்கள் பிரதிநிதிகள் இன்றி ஆளுநரே நிர்வாகம் நடத்தினார். கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் பிள்ளையின் இரத்தத்துக்கு நிதி கேட்பவர் யார்? ஆகவே இது உரிமைப் பிரச்சினையுமாகும்.

வைத்தியர்களே, ஆசிரியர்களே, வயலிலும் கடலிலும் உழைப்போரே! வாக்குக் கேட்டு வருவோரிடம் துறைமுகத்தின் விலையைக் கேளாதீர்கள். எம் பிள்ளைகளின் மூளைக்கு எவ்வளவு ஒதுக்கினீர் என்று கேளுங்கள். தொகையைச் சொன்ன பின்னரே வாக்கைப் பற்றிப் பேசுங்கள்.