மூலநூல் என்ன வேதவாக்கா?

ஒரு நாவல் படமாகி வந்தால் இடைவேளைக்குள் தீர்ப்பு வந்துவிடும்: "என்ன இருந்தாலும் புத்தகம் மாதிரி வராது." 2022-இல் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது கல்கியின் ஐந்து பாகங்களையும் கரைத்துக் குடித்தவர்களும் இதைச் சொன்னார்கள், அட்டையை மட்டும் பார்த்தவர்களும் சொன்னார்கள். மூலத்தை விட்டு விலகாத படமே நல்ல படம் என்பது நம்மிடையே யாரும் உரசிப் பார்க்காத நம்பிக்கை. இங்கே அந்தமானில் வைத்து உரசிப் பார்த்தால் அதன் சாயம் வெளுத்துவிடும்.

ஆர்தர் கானன் டாயில் 1890-இல் எழுதிய 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலை எடுத்துக்கொள்வோம். ஷெர்லக் ஹோம்ஸ் அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வாட்சனுக்குப் படித்துக் காட்டுகிறார்: அந்தமானியர் கோர உருவத்தினர், நரமாமிசம் தின்பவர்கள். அந்தக் கதையில் டோங்கா என்ற அந்தமானியன் ஊதுகுழலில் நச்சு முள்ளை வைத்து ஊதி ஆளைக் கொல்கிறான். அந்தமான் பழங்குடிகளின் ஆயுதம் வில். ஊதுகுழல் அவர்களுடையதே அல்ல. நரமாமிசக் கதையையோ, இத்தீவுகளில் அதிகாரியாக இருந்து அம்மக்களோடு பழகிய இ.எச். மேன், நாவல் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மறுத்து எழுதிவிட்டார். டாயில் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

1987-இல் ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்து இந்த நாவல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு வந்தது. மூலத்தோடு ஒட்டி நிற்பதற்காகவே ஹோம்ஸ் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் தொடர் அது. ஒட்டித்தான் நின்றது, அதே டோங்கா, அதே நச்சு முள். எழுத்தில் இருந்த பொய்க்கு ஒரு முகமும் கிடைத்தது. அதே நாவலில் வேறொரு செய்தியும் இருக்கிறது. டோங்காவைச் சந்தைகளில் நிறுத்தி, பச்சை இறைச்சியைத் தின்னவைத்து, நரமாமிசம் தின்பவன் என்று காட்டிக் காசு பார்த்ததாக அவன் கூட்டாளி ஜொனாதன் ஸ்மால் சொல்கிறான். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு டோங்காவின் பக்கம் நின்று கதையைத் திருப்பிப் போடும் இயக்குநரை மூலத்தைக் கெடுத்தவர் என்பீர்களா? தாராளமாகக் கெடுக்கட்டும்.

சரி, வெள்ளைக்காரன் எழுதிய கதை, விடுங்கள். 1908-இல் வ.உ.சிதம்பரனாருக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அந்தமானுக்குப் போகாமல் கோவையிலும் கண்ணூரிலும் சிறையிருந்தார். அவரே செய்யுளில் சுயசரிதை எழுதினார். ம.பொ.சி. அவர் வரலாற்றை நூலாக்கினார். ஆனால் செக்கிழுக்கும் வ.உ.சி. என்றதும் தமிழன் கண்ணில் நிற்பது அந்த நூலை வைத்து 1961-இல் பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தின் சிவாஜி. ம.பொ.சி.யின் நூலுக்கு இதனால் என்ன குறைந்துபோயிற்று? புத்தகம் எட்டாத வீடுகளுக்கும் அந்தச் செக்கு போய்ச் சேர்ந்தது.

எழுத்தே மூத்தது என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: எழுத்து, எழுதத் தெரிந்தவர்களின் சொத்து. அந்தமானின் செல்லுலார் சிறையைப் பற்றி அங்கே அடைபட்டிருந்த பரீந்திர குமார் கோஷ் எழுதினார், சாவர்க்கர் எழுதினார். 1858 மார்ச்சில் முதல் கப்பலில் வந்திறங்கிய 200 கைதிகளும், பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோரும் பெரும்பாலும் எதுவும் எழுதாமலே இந்த மண்ணில் கலந்தார்கள். அவர்களுக்கு மூலநூல் எங்கே? பிரியதர்ஷனின் 'சிறைச்சாலை' (1996) நாவல் எதையும் தழுவியதல்ல. அதில் சினிமாத்தனம் உண்டு, மிகையும் உண்டு. ஆனாலும் அந்தக் கொட்டடியின் இருட்டைத் தமிழ்நாட்டில் பலர் முதலில் கண்டது அந்தப் படத்தில்தான்.

மனத்துக்குள் ஓடுவதைச் சொல்ல எழுத்துக்கு நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது தச்சனுக்கும் கொல்லனுக்கும் உள்ள வேறுபாடு. அதில் மேல் கீழ் எங்கிருந்து வந்தது? படம் நூலுக்கு உண்மையாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், நூல் மனிதர்களுக்கு உண்மையாக இருந்ததா என்று கேட்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில், இத்தீவுகளின் பழங்குடிகளில் ஒரு பிரிவான கிரேட் அந்தமானியர் 44 பேர். டாயிலின் நாவலோ இன்றும் உலகெங்கும் விற்கிறது. அடுத்த முறை அது திரைக்கு வரும்போது, "அப்படியே புத்தகத்தில் உள்ளபடி எடுத்திருக்கிறார்கள்" என்று யாராவது மெச்சினால், இந்தத் தீவில் இருப்பவன் காதில் அது வசவாகத்தான் விழும்.