பளிங்கு மாளிகையா, பல்கலைக் கழகமா?

பிளஸ் டூ முடிவு வெளிவந்த மறுநாளே தனியார் பல்கலைக் கழகம் அழைக்கிறது, ‘வந்து பாருங்கள்’ என்று! வாயிலிலே வரவேற்பு, வளாகத்திலே புல்வெளி, வலம்வர வண்டி! ஆலையிலே உழைத்து ஓடாய்த் தேய்ந்த தந்தை அண்ணாந்து பார்க்கிறார். அண்ணாந்து நடப்பவனுக்குக் காலடிப் பள்ளம் தெரியாது, தோழர்களே!

முதலிலே கேளுங்கள்: பட்டம் தரும் உரிமை உண்டா? 1956-ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக் கழகங்களுக்கும், நிகர்நிலை என அறிவிக்கப்பட்டவைக்கும், பாராளுமன்றம் தனியே அதிகாரம் தந்தவைக்குமே அந்த உரிமை. போலிகளின் பட்டியலை யு.ஜி.சி.யே வெளியிடுகிறது. பார்த்தீர்களா?

தரச்சான்று காட்டுவார்கள். ‘நாக்’ ஆய்வுக் குழுவினர் சிலரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்ததே, 2025 பிப்ரவரியில்! சான்று சுவரிலே தொங்கும். ஆசிரியர் வகுப்புக்கு வருகிறாரா என்று அங்கே படிக்கும் மாணவனைக் கேளுங்கள்.

நன்கொடையா? 1992-லேயே தமிழகம் சட்டமிட்டுத் தடுத்தது. மூலச் சான்றிதழைப் பிடித்து வைப்பதா? கூடாதென்கிறது 2018-ஆம் ஆண்டு யு.ஜி.சி. அறிவிப்பு. கட்டிய பணத்துக்கு ரசீது இல்லையா? எழுந்து வாருங்கள்!

மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் அது. கத்தரிக்காய் வாங்கும்போது கேட்கிறோமே ஆயிரம் கேள்வி. மகனின் எதிர்காலத்துக்காக நாலு கேள்வி கேட்கக் கூசலாமா?