நிரலை மட்டும் கொடுத்தால் போதாது

“மொத்த நிரலையும் ஏஐ உதவியாளரிடம் கொடுத்துவிட்டால் போதும், எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடுவது வீண்வேலை” என்கிறார்கள். இதை அடியோடு மறுக்கிறேன். என்ன நடக்கிறது என்பதை நிரல் சொல்லும். ஏன் அப்படி எழுதினார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது.

லினக்ஸ் கெர்னலின் பழைய கோப்பு ஒன்றில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் ‘கிட் பிளேம்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பல வரிகள் 2005 ஏப்ரலில் பதிவான ஒரே கமிட்டில் போய் முட்டி நிற்கும்: 2.6.12-ஆர்சி2. கெர்னல் பிறந்ததோ 1991இல். 2005க்கு முந்தைய வரலாற்றைச் சேர்க்காமலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலின் கிட் களஞ்சியத்தைத் தொடங்கினார். அந்தப் பழைய வரலாறு தனிக் களஞ்சியங்களில் கிடக்கிறது. அங்கே போகும் வழியைக் காட்டாவிட்டால், ஒரு வரி ஏன் இருக்கிறது என்பதை உதவியாளர் ஊகிக்கும், அதையும் உறுதியான தொனியில் சொல்லும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதை நம்பி அந்த வரியை நீக்கினால் யார் பொறுப்பு?

வரைபடம் சீக்கிரம் பழசாகிவிடும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. விக்கியில் போட்டு மறந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் அதே கெர்னலில் ‘மெயின்டெய்னர்ஸ்’ என்ற கோப்பைப் பாருங்கள். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, விவாதம் எந்த அஞ்சல் குழுவில், எந்தெந்தக் கோப்புகள் அடக்கம் என எல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கின்றன. நிரலைத் திருத்துவதுபோல அதையும் பேட்ச் அனுப்பித்தான் திருத்துகிறார்கள். உதவியாளருக்கான வரைபடமும் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஆவணம் ஒன்று சொல்லி, நிரல் வேறொன்று செய்யும் இடங்களில் எதை நம்புவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பல திட்டங்களில் இன்று அது ஓரிரு மூத்த பொறியாளர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.