‘ஓடிபி வந்ததா?’ என்னும் கேள்வியின் இலக்கணம்

இது நீண்ட பதிவு. பல்கலைக்கழக இணையதளங்களுக்கு நிரல் எழுதும் நண்பர்களும், அவற்றுக்கு ஒப்புதல் அளிக்கும் குழுக்களில் அமரும் பேராசிரியர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு கள ஆய்வுக்காக ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் தங்கியிருந்தேன். என் சிம்முக்கு அங்கே சிக்னல் இல்லை; ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் கம்பிவழி இணையம் இருந்தது. மாத இறுதியில், உதவித்தொகைக்கான வருகையை உறுதிசெய்யும் தளத்தைத் திறந்தேன். கடவுச்சொல்லை ஏற்ற தளம், அதுவரை இல்லாத ஒரு பெட்டியைக் காட்டியது: கைப்பேசிக்கு அனுப்பப்பட்ட ஆறிலக்க எண்ணை இடவும். இணையம் இருந்தது, கடவுச்சொல் இருந்தது, நானும் இருந்தேன். எண் மட்டும் வரவில்லை. மாற்றுவழி கேட்க ஒரு பொத்தான்கூட அந்தப் பக்கத்தில் இல்லை. அந்த மாதத் தொகை நின்றது. அது கைக்கு வர மேலும் மூன்று மாதங்கள் ஆயின. காரணம் கேட்டபோது கிடைத்த விடை: “பாதுகாப்புக்காகச் சேர்த்தோம். லைப்ரரியில் அப்படித்தான் இருக்கிறது.”

இவ்விடையின் இரு பகுதிகளையும் மறுக்கிறேன்.

முதலில் லைப்ரரி. ஒரு செயலியில் கைப்பேசிவழி இரட்டைச் சரிபார்ப்பைச் சேர்ப்பது இன்று எளிது. குறுஞ்செய்திச் சேவை நிறுவனம் தரும் கிளையண்ட் லைப்ரரியை நிறுவி, அதன் சாவியை அமைப்புக் கோப்பில் இட்டு, ‘அனுப்பு’, ‘சரிபார்’ என்னும் இரு அழைப்புகளை எழுதினால் போதும். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஆனால் செய்தி சேராவிட்டால் என்ன செய்வது, எண் மாறினால் யாரிடம் முறையிடுவது, எத்தனை தவறான முயற்சிக்குப் பின் கதவை அடைப்பது ஆகிய கேள்விகள் அந்த இரு அழைப்புகளுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு விடை எழுத வேண்டியவர் செயலியை உருவாக்குபவர். எழுதாமல் விட்டதும் அவர் எடுத்த முடிவுதான். அதை லைப்ரரியின் தலையில் கட்டுவது நேர்மையன்று.

அடுத்துப் பாதுகாப்பு. குறுஞ்செய்தியை நம்பத்தக்க இரண்டாம் சான்றாகக் கொள்வதில் உள்ள இடர் பழைய செய்தி. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தொலைபேசி வலையமைப்பு வழியான சரிபார்ப்பைக் ‘கட்டுப்படுத்தப்பட்ட’ வகையில் வைத்து, அதைப் பயன்படுத்துவோர் மாற்றுவழியும் தர வேண்டும் என்றது. 2018இல் ரெடிட் தளத்தின் ஊழியர் கணக்குகள் சில ஊடுருவப்பட்டபோது, குறுஞ்செய்திச் சரிபார்ப்பு இடைமறிக்கப்பட்டதே வழி என்று அந்நிறுவனமே அறிவித்தது. போலி ஆவணம் காட்டி மற்றொருவர் எண்ணுக்குப் புதிய சிம் வாங்கும் மோசடியை இந்தியச் செய்தித்தாள் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. மேலும், எண் நமக்குச் சொந்தமன்று. துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். முனைவர் பட்டமோ ஐந்தாண்டு வேலை.

இங்கே என் துறை சார்ந்து ஒன்று சொல்ல வேண்டும். ‘ஓடிபி’ தமிழில் எந்த வினையோடு சேர்கிறது என்று கவனியுங்கள். ‘வந்தது’, ‘வரவில்லை’, ‘வரும்’. தமிழில் மட்டுமன்று, இந்தியிலும் அது ‘ஆயா’ அல்லது ‘நஹீ ஆயா’. ‘நான் ஓடிபி எடுத்தேன்’ என்று சொல்வோர் அரிது. மழையைப் போல, பேருந்தைப் போல அது வருகிறது, நாம் காத்திருக்கிறோம். நம் அடையாளத்தை நிறுவும் வாக்கியத்தில் நாம் எழுவாயாகவே இல்லை. இந்த இலக்கணம் தற்செயலன்று. அமைப்பின் வடிவமே அதுதான்.

அவ்வடிவம் கட்டாயமும் அன்று. 2011இல் ஆர்எஃப்சி 6238 என்னும் திறந்த தரமாக வெளியான டிஓடிபி முறையில் எண் எங்கிருந்தும் வருவதில்லை. பதிவு செய்யும்போது ஒரு கியூஆர் குறியீட்டின் வழியாக இரகசியச் சாவி ஒன்று பயனரின் கருவிக்குள் சேர்கிறது. பின்னர் அச்சாவியையும் நேரத்தையும் கொண்டு, பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை, கருவியே ஆறிலக்க எண்ணைக் கணிக்கிறது. வழங்கியும் அதே கணக்கைச் செய்து ஒப்பிடுகிறது. சிக்னல் வேண்டா, குறுஞ்செய்திக் கட்டணமும் இல்லை. கருவியின் கடிகாரம் சற்றே பிசகினால், முன்பின் ஒரு கால அலகை ஏற்கச் செய்யலாம். இதற்கும் லைப்ரரி உண்டு: பைத்தானில் பைஓடிபி. அதுவும் ஒரு பிற்பகல் வேலைதான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மதிக்கிறேன். ஸ்மார்ட்போன் எல்லோரிடமும் இல்லை. குறுஞ்செய்தி சாதாரணக் கைப்பேசிக்கும் போகும். வெறும் கடவுச்சொல்லைவிட அது மேல். உண்மை. ஆகவே குறுஞ்செய்தியை ஒழிக்கக் கேட்கவில்லை; அதை ஒரே வாயிலாக வைக்காதீர்கள் என்கிறேன். ஏழை மாணவரின் பெயரால் பேசுவோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும்: வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அண்ணன் கையில் என்றால், தங்கையின் தேர்வு விண்ணப்பம் யார் அனுமதியில் திறக்கிறது? டிஓடிபியும் குறையற்றதன்று, போலித் தளத்தில் எண்ணை இட்டு ஏமாறுவதை அது தடுக்காது. ஆனால் மலைமேல் இருப்பவரை அது தண்டிக்காது.

கேட்பது நான்கே: டிஓடிபியும் ஒரு தெரிவாக இருக்கட்டும். பதிவின்போதே, ஒருமுறை மட்டும் பயன்படும் மீட்புக் குறியீடுகள் பத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளத் தாருங்கள். என் களக்குறிப்பேட்டின் பின்னட்டையில் அவை இருந்திருந்தால் இப்பதிவே இல்லை. எண் மாறியோர், அடையாள அட்டையுடன் துறை அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளும் முறையை எழுத்தில் வையுங்கள். புதிய சரிபார்ப்பை மாத இறுதியில் முன்னறிவிப்பின்றித் தொடங்காதீர்கள்.

பாதுகாப்பு என்பது அயலாரை வெளியே நிறுத்துவது. உரியவரையும் சேர்த்து வெளியே நிறுத்தும் கதவு பாதி வேலைதான் செய்கிறது. உங்கள் நிறுவனத்தில் அடுத்த இணையதளக் கூட்டம் கூடும்போது ஒரு கேள்வியை மட்டும் எழுப்புங்கள்: “ஓடிபி வராவிட்டால்?”