கல்லூரியில் கலக்கினா போதுமா? பேஸ்பால் வீரரை அணிகள் எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணிகள், ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' முறையில் கல்லூரி வீரர்களைத் தேர்வு செய்கின்றன. கோடிக்கணக்கில் பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்கிறார்கள்?

ரன் கணக்கு ஏன் போதாது?

கல்லூரி ஆட்டத்தில் உலோக பேட் உண்டு. தொழில்முறையில் மர பேட் மட்டும்தான். உலோக பேட்டில் பறந்த பந்து இங்கேயும் பறக்கும்னு சொல்ல முடியாது. அதனாலதான் மர பேட்டில் நடக்கும் கேப் காட் கோடைக்கால லீக்கை அணிகளின் தேர்வாளர்கள் உன்னிப்பாக கவனிக்கிறார்கள்.

மதிப்பெண் எப்படி?

20 முதல் 80 வரை. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பேட்டருக்கு அடிக்கும் திறன், பவர், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் பலம்னு தனித்தனி மதிப்பெண். பிட்சருக்கு அவர் வீசும் ஒவ்வொரு வகை பந்துக்கும் தனி மதிப்பெண்.

அப்படியும் தப்புமா?

தப்பும். 2013 டிராஃப்டில் முதலிடம் பிடித்தவர் ஸ்டான்ஃபோர்ட் பிட்சர் மார்க் அப்பெல். காயங்களோடு போராடி, ஒரு கட்டத்தில் ஆட்டத்தையே விட்டு விலகினார். திரும்பி வந்து மேஜர் லீக்கில் அறிமுகமானது 2022-ல், 30 வயதில்.

2023-ல் முதலிடம் பிடித்தவர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக பிட்சர் பால் ஸ்கீன்ஸ். அடுத்த மே மாதமே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக களமிறங்கி, அந்த ஆண்டே நேஷனல் லீக்கின் சிறந்த அறிமுக வீரர் விருதையும் வென்றார்.

இருவருமே முதலிடம்தான். மதிப்பெண் திறமையை அளக்கும். கை நாளைக்கும் தாங்குமா என்பதற்கு மதிப்பெண் கிடையாது.