நெஞ்சைத் தொட்டுப் பார்க்காத சிகிச்சை

எச்.ஐ.வி.க்கு ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்ட ஒருவர், ரத்தத்தில் வைரஸ் அடங்கிய நிலையில், மாரடைப்பில் செத்துப்போனால் அதை விதி என்று எழுதிவிட்டுப் போக முடியாது. அந்தச் சாவைத் தடுக்க வழி உண்டு என்பது 2023 ஜூலையிலேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

ரிப்ரீவ் என்ற ஆய்வில் 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுப்பவர்கள். வழக்கமான கணக்குப்படி மாரடைப்பு அபாயம் குறைவு அல்லது நடுத்தரம் என்று மதிப்பிடப்பட்டவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 4 மி.கி. பிடாவாஸ்டாடின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்து), மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அதில் பங்கேற்ற ஊர்களில் சென்னையும் ஒன்று. நம் பக்கத்து மனிதர்கள் ரத்தம் கொடுத்து, வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கி நிரூபித்த உண்மை இது. 2024 தொடக்கத்திலேயே அமெரிக்க அரசின் சிகிச்சை வழிகாட்டுதலில் அது ஏறிவிட்டது. ஆனால் நம் நாட்டுத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் விரிவான சிகிச்சை வழிகாட்டி, இந்த முடிவு வருவதற்கு முன்பே, 2021இல் எழுதப்பட்டது.

வைரஸ் அடங்கினாலும் உடம்புக்குள் அழற்சி முழுதாக அடங்குவதில்லை. அது ரத்தக்குழாயின் உட்சுவரை ஓயாமல் அரிக்கிறது. சில பழைய மருந்துகள் கொழுப்பையும் ஏற்றின. மற்றவர்களைவிட எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. அதற்காகக் கூட்டு மருந்தை நிறுத்துவது பெரிய தவறு. இடையில் நிறுத்தியவர்களுக்கே இதயப் பாதிப்பு கூடியதை 2006இல் ஸ்மார்ட் ஆய்வு காட்டியது.

இதைப் புதுச்சேரி மற்ற ஊர்களைப்போலக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான நீரிழிவுக் கணக்கெடுப்பில், நாட்டிலேயே உடல் பருமன் அதிகமுள்ள இடம் புதுச்சேரி: 53.3 சதவீதம். சர்க்கரை நோய் 26.3 சதவீதம், கோவாவுக்கு அடுத்த இடம். இத்தனை சுமையுள்ள ஊரில் எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் அந்த நெஞ்சின் கதி என்ன என்று யோசித்திருக்க வேண்டாமா?

நாம் கண்டிப்பது இரட்டை ஜன்னல் முறையை. வைரஸுக்கு ஒரு திட்டம், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் இன்னொரு திட்டம். முதல் ஜன்னலுக்கு வருகிறவர் இரண்டாவதுக்குப் போகத் தயங்குவார். முத்தியால்பேட்டையிலோ அரியாங்குப்பத்திலோ தெருவுக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'வேறென்ன மருந்து சாப்பிடுறீங்க?' என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? நோயைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டம். ஆனால் அதே சட்டம் அரசின் கடமையாகச் சொல்வது எச்.ஐ.வி. பரிசோதனை, கூட்டு மருந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது தாக்கும் காசநோய் போன்ற சந்தர்ப்பவாதத் தொற்றுகளுக்கான சிகிச்சை ஆகியவற்றைத்தான். இதயம் அந்தப் பட்டியலில் இல்லை. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது முப்பது வயதில் இருந்தவருக்கு இன்று ஐம்பது கடந்துவிட்டது. காசநோயிலிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டு மாரடைப்புக்குக் கொடுப்பதா?

ஸ்டாடினில் ஒரு குறையும் உண்டு. அதே ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 5.3 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 4 சதவீதம் பேருக்கும் புதிதாகச் சர்க்கரை வந்தது. சர்க்கரையைச் சோதிக்காமல் மாத்திரையை மட்டும் நீட்டுவது புதுச்சேரிக்கு ஒத்துவராது என்பதற்கு இதுவே காரணம். சில ஸ்டாடின்கள் சில கூட்டு மருந்துகளோடு சேராது. அதை மருத்துவர்தான் பார்த்து எழுத வேண்டும்.

எனவே கூட்டு மருந்து வாங்கும் அதே இடத்தில், அதே நாளில், பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் சோதிக்க வேண்டும். நாற்பது கடந்த ஒவ்வொருவருக்கும் ஸ்டாடின் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்து, அதைச் சீட்டில் எழுத வேண்டும். தேவைப்படுபவருக்கு அதையும் அந்த ஜன்னலிலேயே இலவசமாகக் கொடுக்க வேண்டும். தேசிய வழிகாட்டியில் ஸ்டாடினை ஏற்றும்படி தில்லிக்கு எழுதுவதும், அது வரும்வரை காத்திராமல் தன் நிதியிலிருந்து தொடங்குவதும் புதுச்சேரி சுகாதாரத் துறையின் பொறுப்பு. எந்தத் தேதியிலிருந்து என்பதை அத்துறை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.