அளவுகோல் யார் கையில்?



அத்திப்பள்ளியிலும் சந்தாபுரத்திலும் ஜிகனியிலும் லைன் வீடுகளில் குடியிருக்கும் நம் தாய்மார்களிடம் சற்று நேரம் பேசிப் பாருங்கள். பையனின் பேண்டைத் துவைக்க எடுத்தால் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் சாமான் விழுகிறது. முகர்ந்தால் மாம்பழ வாசனை, புதினா வாசனை. "செல்போன் சாமான்மா" என்கிறான் பையன். தாயும் நம்பிவிடுகிறாள். பீடி என்றால் விரலில் நாற்றம் இருக்கும். சிகரெட் என்றால் சட்டையில் பொத்தல் இருக்கும். இதில் ஒன்றும் இல்லையே!

அது செல்போன் சாமான் அல்ல. மின் சிகரெட். பையன்கள் பாஷையில் 'வேப்'. உள்ளே ஒரு சிறு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், நிகோட்டின் கலந்த திரவம், வாசனைச் சரக்கு. உறிஞ்சினால் கம்பி சூடேறி, திரவம் ஆவியாகி நுரையீரலுக்குள் போகிறது. புகையிலையை எரிப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் பீடிக்கும் சிகரெட்டுக்கும் மனிதனைக் கட்டிப்போடுகிற கயிறு எதுவோ, அந்த நிகோட்டின் இதிலும் இருக்கிறது. காறல் இல்லாமல், நாற்றம் இல்லாமல், பழச்சாறு போல இறங்குகிறது. சின்னப் பிள்ளைகளைப் பிடிக்க இதைவிட நல்ல தூண்டில் உண்டா?

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கர்நாடக அரசு 2016லேயே தடை செய்தது. தமிழ்நாடு 2018இல் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18ஆம் தேதி அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. செய்வது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் தடவை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதமும். இத்தனை பலமான பூட்டு. ஆனாலும் சரக்கு நம் பிள்ளையின் பைக்குள் இருக்கிறது. பூட்டுப் போட்டவர்கள் சாவியை யாரிடம் கொடுத்தார்கள் என்று நாம் கேட்க வேண்டாமா?

எத்தனை பேர் இதில் விழுந்திருக்கிறார்கள்? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

நாடு தழுவிய பெரியவர் புகையிலைக் கணக்கெடுப்பு 2016-17இல் நடந்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள் என்று அது சொன்னது. மின் சிகரெட் பிடிப்பவர்கள் 0.02 சதவீதம். அதாவது பத்தாயிரம் பேரில் இரண்டு பேர். அந்த இரண்டு பேர் யாராக இருந்திருப்பார்கள்? காசுள்ள வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருக்கலாம். ஆனால் அது மத்தியச் சட்டம் வருவதற்கு முந்தைய கணக்கு. உறிஞ்சித் தீர்த்துவிட்டு எறிகிற மலிவு ரகம் இப்படிப் பெருகுவதற்கு முந்தைய கணக்கு. 2019இல் இளையோர் கணக்கெடுப்பும் நடந்தது. அது 13 முதல் 15 வயது வரை பள்ளிக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றியது. பத்தாவதோடு படிப்பை விட்டு, பொம்மசந்திராவில் காண்டிராக்டர் கையில் வேலைக்குச் சேர்ந்த நம் பதினேழு வயதுப் பையன் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

கணக்கில் வராதவனுக்கு மருந்தும் வராது. 2023 அக்டோபர் 7ஆம் தேதி அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடைத் தீயில் கருகியவர்களில் பெரும்பாலோர் தீபாவளி வேலைக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள். அங்கே எத்தனை பேர் இருந்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்பதைச் செத்த பிறகுதான் எண்ணினார்கள். உயிரோடு இருக்கும்போதே எங்களை எண்ணுங்கள் என்று கேட்கிறோம்.

அளப்பதற்கு வழி இல்லாமல் இல்லை. புகைப் பழக்கத்தை ஆராய்கிறவர்கள் மூன்று விஷயங்களை அளக்கிறார்கள். இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பது ஒன்று, அது மனப்பாங்கு. இதனால் உனக்கு என்ன கிடைக்கும் என்று நம்புகிறாய் என்பது இன்னொன்று, அது எதிர்பார்ப்பு. இதை விட உன்னால் முடியுமா என்பது மூன்றாவது, அது அடிமைத்தனம். மூன்றும் வேண்டியவைதான். நம் சண்டை அளப்பதோடு அல்ல. யாரை வைத்துச் செய்த படியால் யாரை அளக்கிறார்கள் என்பதோடுதான்.

1991இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு கேள்விப் பட்டியல் செய்தார்கள். புகைப்பவன் எதிர்பார்க்கும் நன்மைகளில் ஒன்றாகப் பசி அடங்குவதையும் உடல் எடை குறைவதையும் அதில் சேர்த்தார்கள். அங்கே அந்த மாணவி இடுப்பு மெலிய வேண்டும் என்று பசியை அடக்கலாம். இங்கே நம் பையன் எதற்காகப் பசியை அடக்குகிறான்? ஷிப்டு நடுவில் சாப்பிட நேரம் இல்லை. கேன்டீனில் சாப்பிட்டால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான். ஆனால் அது அங்கே அழகு, இங்கே பட்டினி! இரண்டையும் ஒரே கட்டத்தில் 'டிக்' போட்டுக் கூட்டினால் வருவது கணக்கா, கண்கட்டு வித்தையா?

அடிமைத்தனத்தை அளக்கும் படியும் அப்படித்தான். சுவீடன் நாட்டு பாகர்ஸ்ட்ராம் என்பவர் 1978இல் வகுத்து, 1991இல் திருத்தப்பட்ட ஆறு கேள்விகள் உலகம் முழுவதும் வழக்கில் இருக்கின்றன. அதில் ஒன்று: ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்? பீடி தீரும், சிகரெட் தீரும், எண்ணலாம். மின் சிகரெட்டை எப்படி எண்ணுவது? இழுக்க இழுக்கத் தீராமல் நாள் கணக்கில் வருகிறதே! அதனால் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015இல் வேறு பட்டியல் செய்தார்கள். ஏறக்குறைய 15 இழுப்பு, அல்லது 10 நிமிடம், இதை 'ஒரு தடவை' என்று வைத்துக்கொண்டு எண்ணச் சொன்னார்கள். ஆக, பொருள் மாறினால் படியை மாற்ற அவர்களுக்குத் தெரிகிறது. ஆள் மாறும்போதும் மாற்றுங்கள் என்றுதான் நாம் சொல்கிறோம்.

இன்னொரு சூதும் இதில் இருக்கிறது. 'மனப்பாங்கு' என்று பெயர் வைத்ததும் குற்றம் முழுவதும் தொழிலாளியின் மண்டைக்குள் இருப்பதாக ஆகிவிடுகிறது. "உன் எண்ணத்தைத் திருத்து" என்று ஒரு நோட்டீசை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 2023இல் கர்நாடகச் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்ததே, அது யாருடைய மனப்பாங்கு? இரவு மூன்று மணிக்கு மிஷின் முன்னால் கண் சொருகுகிறவன், தூக்கம் விரட்ட எதையாவது வாயில் வைக்கிறான். அவனை அளக்கிற கோல் அந்த ஷிப்டையும் அளக்க வேண்டாமா?

புகையைவிட இது மேல், பீடியை விட்டு இதற்கு மாறினால் நல்லது என்று சில தோழர்கள் வாதாடுகிறார்கள். புகைப்பவர்களுக்கு மாற்றாக இதைப் பரிந்துரைத்த இங்கிலாந்தே, எறிகிற ரகத்தை விற்பதை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது. அங்கே சட்டப்படி விற்பதில் நிகோட்டினுக்கு உச்ச அளவாவது உண்டு. நம் கைக்கு வருவது திருட்டுச் சரக்கு. அதற்குள் என்ன, எவ்வளவு என்று சோதித்தவர் எவரும் இல்லை. மேலும், பீடியே பிடிக்காத பிள்ளை எதிலிருந்து எதற்கு மாறுகிறான்?

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். காதில் பீடியைச் செருகிக்கொண்டு, உதட்டுக்குள் ஹான்ஸை அடக்கிக்கொண்டு, மகன் கன்னத்தில் அறைகிற தகப்பன்மார்கள் நம்மில் இல்லையா? அந்த அறையால் பையன் பழக்கத்தை விடமாட்டான், ஒளிக்கக் கற்றுக்கொள்வான். அதற்குப் பதில் தகப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து, இந்த ஆறு கேள்விகளுக்கும் உண்மை சொல்லட்டும்:

காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு? ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடி பலமாக இருக்கிறது என்று பொருள். இரவில் தூக்கம் கலைந்து எழுந்து இழுப்பதுண்டா? இழுக்கக் கூடாத இடத்தில், பஸ்ஸிலோ வேலைத்தளக் கழிப்பறையிலோ, அடக்க முடியாமல் இழுப்பதுண்டா? காய்ச்சலில் படுத்தாலும் வேண்டியிருக்கிறதா? ஒரு நாள் இல்லாவிட்டால் எரிச்சலும் படபடப்பும் வருகிறதா? இந்த ஐந்தும் அந்த வெளிநாட்டுப் பட்டியல்களில் உள்ளவைதான். ஆறாவது நம்முடையது: முன்பு ஒன்று எத்தனை நாள் வந்தது, இப்போது எத்தனை நாள் வருகிறது?

பதில் கேட்டு அடிக்காதீர்கள். பிடி பலமாக இருந்தால் அது நோய். நோய்க்கு வைத்தியம் உண்டு. 1800-11-2356 என்ற புகையிலை விடுப்பு எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். பெங்களூருக்கு பஸ்ஸில் போகும்போது நாம் கடக்கிற அதே ஓசூர் ரோட்டில்தான் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

ஆனால் வீட்டோடு இது தீராது. அரசிடம் நாம் கேட்பவை இவை:

ஆனேக்கல் தாலுகா முழுவதும், தொழிலாளர் கொட்டகைகளையும் ஆள் தங்கும் விடுதிகளையும் விடாமல், மின் சிகரெட் பழக்கத்தைக் கணக்கெடுக்க வேண்டும். கேள்வி தமிழிலும், நம்மோடு தோளுரசி உழைக்கிற கன்னட, தெலுங்கு, இந்தி, ஒடியத் தோழர்களின் மொழிகளிலும் இருக்க வேண்டும். கேட்கிறவர் சுகாதாரத் துறை ஊழியராக இருக்க வேண்டும். கம்பெனி ஆபீசர் ஆகாது. சொல்கிறவன் பெயர் மேனேஜரிடமும் போகக் கூடாது, போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகக் கூடாது. உண்மை சொன்னவனை மறுநாள் கேட்டில் நிறுத்திவிடுவார்கள் என்றால் எவன் வாய் திறப்பான்?

போலீசார் பையன்களின் பைகளைத் துழாவுவதை விட்டு, மொத்தமாகக் கொண்டுவந்து இறக்குகிறவனைப் பிடிக்க வேண்டும். சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் குறி வைப்பது வியாபாரியை. உறிஞ்சுகிற பிள்ளையை அல்ல.

நம்மை எடை போட வருகிறவர்களை விரட்டாதீர்கள். ஆனால் தராசின் மறு தட்டில் ஷிப்டையும், சம்பளத்தையும், சரக்கு விற்கிறவனையும் வைக்கச் சொல்லுங்கள். அப்போது முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஊரே பார்க்கட்டும்!